மூன்றில் ஒரு பங்கு

ஜேர்மனியில் வேலி வெட்டுவதற்கும் சட்டம் நாள் குறித்திருக்கிறது. மார்ச் 1 முதல் செப்டெம்பர் 30 வரை உயிர்வேலிகளையும் புதர்களையும் அடியோடு வெட்டக் கூடாது. அது பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் காலம். இயற்கைப் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. அந்த மாதங்களில் புதுத் துளிரை அளவாகக் கத்தரித்து விடலாம், அவ்வளவுதான். ஆகவே பெப்ரவரியின் கடைசிச் சனிக்கிழமை வந்தால் டோர்ட்மண்டின் தோட்டத் தொகுதிகளில் காலையிலிருந்து கத்தரிச் சத்தந்தான்.

இந்தத் தோட்டங்களைக் 'கிளைன்கார்ட்டன்' என்பார்கள். சிறுதோட்டம் என்று பொருள். இது வீட்டோடு ஒட்டிய வளவு அல்ல. மாடிக் குடியிருப்புகளில் வாழ்பவர்கள், பெரும்பாலும் நகரத்துக்குச் சொந்தமான நிலத்தில், ஒரு சங்கத்தின் வழியாகக் குத்தகைக்கு எடுக்கும் துண்டு நிலம். டோர்ட்மண்டில் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட சங்கங்கள் உள்ளன. தோட்டங்கள் ஏறக்குறைய எண்ணாயிரம். ரயிலில் ரூர் பிரதேசத்தைக் கடக்கும் எவரும் இவற்றைக் கண்டிருப்பார்கள்: தண்டவாளத்தின் ஓரமாகச் சிறு குடில்கள், கொடிக்கம்பங்கள், ஆப்பிள் மரங்கள், நீர்த் தொட்டிகள். முதன்முதலில் வரும் எங்கள் ஆட்கள் பலர் இவற்றை ஏழைகளின் குடிசைகள் என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த நினைப்பு முழுக்கப் பிழையும் அல்ல. தொடக்கத்தில் இவை அப்படித்தான் இருந்தன.

நான் மேற்படிப்புக்காக 2004இல் இந்த நகரத்துக்கு வந்தவன். தொழில் மென்பொருள் ஆலோசனை. நகரின் வடக்கே முந்நூறு சதுர மீற்றர் தோட்டம் ஒன்றை எட்டு ஆண்டுகளாகக் குத்தகைக்கு வைத்திருக்கிறேன். ஒப்பந்தங்களை வரி வரியாக வாசிப்பது தொழில் தந்த பழக்கம். குத்தகைப் பத்திரத்தையும் அப்படித்தான் வாசித்தேன். அதில் ஒரு வரி என்னை நிறுத்தியது: நிலத்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கில் காய்கறியும் பழமும் விளைவிக்க வேண்டும். புல்வெளியும் ரோஜாவும் மட்டும் வைத்திருந்தால் குத்தகை பறிபோகலாம். உலகின் பணக்கார நாடுகளில் ஒன்று, கணினி முன் இருந்து சம்பாதிக்கும் ஒருவனை ஏன் வெங்காயம் நடச் சொல்லி வற்புறுத்துகிறது? அந்தக் கேள்வியின் பின்னால் போனபோது கிடைத்த வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். அது இந்த நாட்டின் வரலாறாகத் தொடங்கி எங்களுடையதாகவும் ஆகிவிட்டது.

பசியின் சட்டம்

சிறுதோட்டத்துக்கு மக்கள் வழங்கும் இன்னொரு பெயர் 'ஷ்ரேபர்கார்ட்டன்'. லைப்சிக் நகரின் மருத்துவர் மொரிட்ஸ் ஷ்ரேபரின் பெயர் அது. ஆனால் அவர் ஒரு தோட்டமும் தொடங்கவில்லை. நகரப் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சியும் திறந்தவெளியும் வேண்டும் என்று எழுதியவர், 1861இல் இறந்துவிட்டார். 1864இல் எர்ன்ஸ்ட் இன்னொசென்ஸ் ஹௌஷில்ட் என்ற பள்ளி அதிபர் பெற்றோரைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கி, இறந்த மருத்துவரின் பெயரை அதற்கு வைத்தார். பிள்ளைகள் விளையாட ஒரு திடல் அமைந்தது. ஹைன்ரிஷ் கார்ல் கெசெல் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் திடலின் ஓரத்தில் பிள்ளைகளுக்கென்று சிறு பாத்திகள் போட்டுக் கொடுத்தார். பிள்ளைகளுக்கு விரைவிலேயே சலித்துவிட்டது. களை பிடுங்க எந்தப் பிள்ளைக்குப் பிடிக்கும்? பெற்றோர் இறங்கிக் கொத்தத் தொடங்கினார்கள். பிள்ளைப் பாத்திகள் குடும்பப் பாத்திகள் ஆயின, வேலி வந்தது, குடில் வந்தது.

இது நடுத்தர வர்க்கத்தின் கதை. இதைவிடப் பழைய கதை ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட ஜேர்மனியின் சில ஊர்களில் ஏழைகளுக்கு உதவிப்பணம் கொடுப்பதற்குப் பதிலாகத் துண்டு நிலம் கொடுத்தார்கள். ஷ்லை நீர்க்கரையிலுள்ள கப்பெல்ன் என்ற சிற்றூரில் 1814இலேயே அப்படியொரு ஏற்பாடு இருந்தது. ரூர் பிரதேசத்தில் அதே காரியத்தை நிலக்கரிச் சுரங்க நிறுவனங்கள் செய்தன. கிழக்கு பிரஷ்யாவிலிருந்தும் மசூரியாவிலிருந்தும் போஸனிலிருந்தும் வந்த தொழிலாளருக்கு வீடு கட்டிக் கொடுத்து, பின்புறம் தோட்டமும் ஒரு கொட்டிலும் சேர்த்துக் கொடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கமக்காரக் குடும்பத்துப் பிள்ளைகள். தோட்டம் இருந்தால் வேறு சுரங்கத்துக்குத் தாவ மாட்டார்கள் என்பது முதலாளிகளின் கணக்கு. கொட்டிலில் ஆடு நின்றது. அந்த ஆட்டுக்கு இந்தப் பகுதியில் 'சுரங்கத் தொழிலாளியின் பசு' என்று பெயர். டோர்ட்மண்டின் ஏவிங் பகுதியில் உள்ள பழைய குடியிருப்பில் இன்றும் அந்த வீடுகளைப் பார்க்கலாம். அதன் அருகிலிருந்த மினிஸ்டர் ஸ்டைன் சுரங்கம் 1987இல் மூடப்பட்டது. அதுதான் நகரின் கடைசிச் சுரங்கம்.

மூன்றில் ஒரு பங்கு என்ற எண்ணம் வேரூன்றியது போர்க்காலங்களில். 1916இல் உருளைக்கிழங்கு விளைச்சல் பொய்த்தது. கடல்வழி அடைபட்டிருந்தது. அந்தக் குளிர்காலத்தை மக்கள் மாட்டுத் தீவனமான டர்னிப் வகைக் கிழங்கைத் தின்று கடந்தார்கள். வரலாற்றில் அது அந்தக் கிழங்கின் பெயரோடேயே நிற்கிறது. போர் முடிந்த மறு ஆண்டு, 1919 ஜூலை 31 அன்று, புதிய குடியரசு ஒரு கட்டளைச் சட்டம் இயற்றியது. சிறுதோட்டக் குத்தகையைக் காரணமின்றி முறிக்கக் கூடாது, குத்தகைப் பணத்தை நினைத்தபடி ஏற்றக் கூடாது என்றது அது. 1983இல் வந்த கூட்டாட்சிச் சிறுதோட்டச் சட்டம் அதன் பேரப்பிள்ளை. தோட்டம் 400 சதுர மீற்றருக்கு மேற்படக் கூடாது. குடில் திண்ணையோடு சேர்த்து 24 சதுர மீற்றர்; அதில் நிரந்தரமாகக் குடியிருக்கக் கூடாது. குத்தகைப் பணம், அந்தப் பகுதியில் காய்கறி விளைவித்து விற்போர் கொடுக்கும் குத்தகையின் நான்கு மடங்கைத் தாண்டக் கூடாது. பெருநகரின் நடுவே இவ்வளவு மலிவாக நிலம் கிடைப்பதற்கு ஒரே நியாயம், அதில் உணவு விளைகிறது என்பதுதான். 2004இல் கூட்டாட்சி உயர் நீதிமன்றம் அதைத்தான் சொன்னது: மூன்றில் ஒரு பங்காவது பயிர் இல்லையென்றால் அது சிறுதோட்டம் அல்ல; சட்டத்தின் பாதுகாப்பும் அதற்கில்லை.

ஆகவே நான் மார்ச்சில் நடும் வெங்காயம், பக்கத்து அடுக்குமாடித் திட்டத்திடமிருந்து இந்த நிலத்தைக் காக்கும் சாட்சியுங்கூட.

இந்தச் சங்கங்களின் கதை முழுவதும் பெருமைக்குரியதல்ல. 1933இல் நாஜி அரசு அவற்றைத் தன் அமைப்பின் கீழ்க் கொண்டுவந்தது. யூதர்களும் இடதுசாரிகளும் வெளியே தள்ளப்பட்டார்கள். வேலி, யாரை உள்ளே வைக்கிறோம் என்பதை மட்டும் சொல்வதில்லை.

1945 மார்ச் 12. தோட்டக்காரரின் நாட்காட்டியில் அது பட்டாணி விதைக்கும் நாள். அன்று ஆயிரத்து நூறுக்கும் அதிகமான விமானங்கள் டோர்ட்மண்ட் மீது 4,800 தொன்னுக்கு மேல் குண்டுகளைக் கொட்டின. ஐரோப்பாவில் ஒரு தனி நகரத்தின் மீது ஒரே தாக்குதலில் அவ்வளவு குண்டு வேறெங்கும் விழவில்லை. வீடிழந்தவர்கள் தோட்டக் குடில்களில் குடியேறினார்கள். 1946-47 குளிர்காலம் கொடியது. 1947 வசந்தத்தில் ரூர் மக்களின் பங்கீட்டு உணவு நாளொன்றுக்கு ஆயிரம் கலோரிக்கும் கீழே இறங்கியது. அந்த ஏப்ரலில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட சுரங்கத் தொழிலாளர் பசிக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போது பாத்தி ஒன்று வைத்திருந்தவன் கொடுத்து வைத்தவன். என் இடப்பக்கத் தோட்டக்காரர் முன்னாள் சுரங்கத் தொழிலாளி, எண்பதைத் தாண்டியவர். உருளைக்கிழங்குத் தோலைத் தடிப்பாகச் சீவினால் இன்றைக்கும் அவருக்குப் பொறுக்காது. சிறுவனாக இருந்தபோது தோலில் கண் வைத்து வெட்டி, அதை நட்டுக் கிழங்கு எடுத்தவர் அவர்.

எங்கள் பசி

இந்தக் கதையை வாசித்தபோது அந்நியமாகத் தோன்றாததற்குக் காரணம் உண்டு. இங்கே பிறந்த பிள்ளைகளும் இந்த இதழை வாசிக்கிறார்கள் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு இல்லை. சுண்ணாம்புப் பாறையின் மேல் செம்மண், பாறைக்குள் மழைநீர். கிணறு வெட்டி, துலா மிதித்து, பின்னாளில் மண்ணெண்ணெய் இயந்திரம் வைத்து இறைத்து, பனையோலையைத் தாழ்த்தி, ஆட்டுப் பட்டி அடைத்து உரமேற்றி, அந்தச் செம்மண்ணை எங்கள் முன்னோர் தோட்டமாக்கினார்கள். எங்களுக்கு 'வயல்' நெல்லுக்கு, 'தோட்டம்' மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும். 1970களில் சிறீமாவோ பண்டாரநாயக்க அரசு மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது குடாநாட்டுக் கமக்காரருக்குப் பொற்காலம். படித்த இளைஞர்கள் விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் போய் மிளகாய் நட்டார்கள். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்ததும் அந்தக் காலம் முடிந்தது. அதை நம்பியிருந்த பிள்ளைகளில் சிலர் இயக்கங்களுக்குப் போனார்கள், சிலர் விமானம் ஏறினார்கள். எல்லாவற்றுக்கும் மிளகாய்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஐரோப்பாவுக்கு வந்த எங்கள் முதல் தலைமுறையில் பலர், கையில் மண்வெட்டித் தழும்போடு வந்தவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை வந்தபோது நான் பள்ளிச் சிறுவன். மண்ணெண்ணெய் இல்லை, உரம் வெடிபொருள் ஆகலாம் என்று அதுவும் இல்லை. கைவிட்ட துலாக்கள் சில மீண்டும் எழுந்தன. பனையோலையும் மாட்டெருவும் மறுபடி மதிப்புப் பெற்றன. வளவில் நின்ற முருங்கையும் மரவள்ளியும் எத்தனை நாள் எங்கள் மதியச் சாப்பாடாக இருந்தன என்று எனக்குத் தெரியும். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு எல்லோரும் நடந்தபோது, எங்கள் வீட்டுக்குப் பின்னால் வெங்காயப் பாத்தி இறைப்புக்குக் காத்திருந்தது.

டோர்ட்மண்டின் 1947ஐயும் எங்கள் 1990களையும் ஒரே தராசில் வைக்க நான் முயலவில்லை. அந்த நாடு தொடங்கிய போரின் விலையை அது கொடுத்தது. எங்கள் கதை வேறு. ஆனால் பசித்த ஊர் பாத்தியை எப்படிப் பார்க்கும் என்பதில் வித்தியாசம் இல்லை. ஜேர்மனியர் அந்தப் பார்வையைச் சட்டமாக எழுதி வைத்துக்கொண்டார்கள். நாங்கள் எழுதி வைக்கவில்லை.

மரம் வைக்காத பதினொரு ஆண்டுகள்

1980களின் முதற்பாதியில் எங்கள் இளைஞர்கள் கிழக்கு பேர்லின் வழியாக மேற்கு பேர்லினுக்குள் நுழைந்து, அங்கிருந்து மாநிலம் மாநிலமாகப் பங்கிடப்பட்டார்கள். பெருந்தொகையானோர் நோர்த்ரைன் வெஸ்ட்ஃபாலியாவுக்கு வந்தார்கள். அகதி மனு முடிவாகும்வரை குறித்த மாவட்டத்தை விட்டு அனுமதியின்றி வெளியேற முடியாது. நீண்ட காலம் வேலை செய்யவும் தடை. முகாமில் ஓர் அறைக்கு நான்கைந்து பேர். அந்த அறைகளின் யன்னல் விளிம்பில், வெட்டிய பால் பெட்டிகளில், கறிக்கு வாங்கிய செத்தல் மிளகாயின் விதையைப் போட்டு முளைக்க வைத்தவர்கள் இருக்கிறார்கள். டோர்ட்மண்டில் தமிழரின் முதல் தோட்டம் அந்த யன்னல்களில்தான் தொடங்கியது என்று நான் சொல்வேன்.

என் வலப்பக்கத் தோட்டக்காரர் அப்படி வந்த ஒருவர். வலிகாமம் வடக்கில் செம்மண் தோட்டம் செய்த குடும்பம். 1985இல் இங்கே வந்தார். 1990இல் அவருடைய பெற்றோர் இடம்பெயர, காணி உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. உணவகத்தில் கோப்பை கழுவி, பின்னர் தொழிற்சாலையில் இரவு வேலை செய்து, 1998இல் இந்தத் தோட்டத்தை எடுத்தார். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவோம்.

அண்ணையின் தோட்டத்தில் பதினொரு ஆண்டுகள் ஒரு மரமும் நடப்படவில்லை. மிளகாய், கத்தரி, தக்காளி, வெந்தயக்கீரை, வெங்காயம். எல்லாம் ஆண்டுப் பயிர். வசந்தத்தில் நட்டு, ஐப்பசிக்குள் பிடுங்கி, நிலத்தைக் கொத்திவிட்டுப் போகலாம். சங்கத்து ஆட்கள் பழமரம் வைக்கச் சொல்லிக் கேட்பார்களாம்.

"திரும்பிப் போறவன் மரம் வைப்பானே, தம்பி?" என்றார் என்னிடம்.

2002இல் சமாதானம் வந்தபோது, மறு வருடமே போய்ப் பார்த்தார். முட்கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கத்தான் முடிந்தது. 2009 மே மாதம் நடந்ததை இந்த வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த ஆண்டு ஐப்பசியில் அண்ணை ஓர் ஆப்பிள் கன்று வாங்கி வந்து நட்டார். அதைப் பற்றி அவர் எதுவும் விளக்கிச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

எங்கள் புலம்பெயர் வரலாற்றை எழுதுபவர்கள் ஆண்டுகளை எண்ணுவதற்குப் பல அளவுகோல்கள் வைத்திருக்கிறார்கள்: முதல் தமிழ்ப் பள்ளி, முதல் தமிழ்க் கடை, 2002இல் பக்கத்து நகரமான ஹம்மில் கும்பாபிஷேகம் கண்ட காமாட்சி அம்பாள் கோயில். மரம் வைத்த ஆண்டு என்றும் ஒரு கணக்கு எடுக்கலாம். கோயில் ஊருக்காகக் கட்டுவது; தேர் இழுத்துவிட்டு அடுத்த நாள் ஊர் திரும்பும் கனவோடும் இருக்கலாம். ஆப்பிள் கன்று அப்படியல்ல. வைத்த இடத்தில் நாலைந்து ஆண்டு காத்திருக்கச் சம்மதித்தவன்தான் அதை வைப்பான்.

பங்குனியும் குளிர் சோஃபியும்

எங்கள் ஊரின் பருவத்தைக் காற்று சொல்லும்: சோளகம், வாடை, கொண்டல். இங்கே செடி சொல்லும். ஜேர்மன் வானிலைச் சேவை ஆண்டைப் பத்துப் பருவங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் தொடக்கத்துக்கும் ஒரு செடியைச் சாட்சி வைத்திருக்கிறது. ஹேசல் மரம் பூந்தூள் உதிர்த்தால் முன்வசந்தம். ஃபோர்சீத்தியா மஞ்சளாய்ப் பூத்தால் முதல் வசந்தம். ரோஜாவைக் கத்தரிக்கும் நேரமும் அதுதான். ஆப்பிள் பூத்தால் முழு வசந்தம். பஞ்சாங்கம் ஏமாற்றலாம், ஃபோர்சீத்தியா ஏமாற்றாது. டோர்ட்மண்ட், ஹெல்வெக் என்ற பழைய வணிகப் பாதையில் அமைந்த ஊர். அந்தப் பாதையோரம் காற்றில் வந்து படிந்த வண்டல், ஜேர்மனியின் நல்ல மண்களில் ஒன்று. ஆனால் ஈரத்தில் அது பிசினாக ஒட்டும். மார்ச் தொடக்கத்தில் அவசரப்பட்டுக் கொத்தினால் கட்டி கட்டியாகக் காய்ந்து, ஆண்டு முழுவதும் கல்லாக நிற்கும்.

"மண்ணைக் கையிலை எடுத்துப் பொத்திப் பாரும். உருண்டையாய் நிண்டால் வீட்டை போம். உதிர்ந்தால் கொத்தும்" என்பது அண்ணையின் பாடம். வெஸ்ட்ஃபாலியக் கமக்காரரும் இதையேதான் சொல்கிறார்கள்.

பயிர்களில் எங்களோடு மிக எளிதாக இங்கே ஒத்துப்போனது வெங்காயம். யாழ்ப்பாணத்துச் சின்ன வெங்காயத்தைப் போலவே, ஷலோட் வெங்காயத்தையும் குமிழாக நடுவார்கள். ஒன்று வைத்தால் கொத்தாக வரும். மார்ச் நடுவில் நடலாம், சிறு உறைபனிக்கு அஞ்சாது. பட்டாணியும் போஞ்சி இனத்தில் பெரிய விதை கொண்ட தடித்த போஞ்சியும் அதே நேரத்தில். உருளைக்கிழங்கை மார்ச்சில் முட்டைப் பெட்டியில் வெளிச்சம் படும்படி அடுக்கினால் கண் முளைக்கும். ஏப்ரலில் மண்ணுக்குப் போகலாம்.

மிளகாயும் கத்தரியும் அப்படியல்ல. அவற்றுக்குக் கோடை நீளமாக வேண்டும். இங்கே கோடை குட்டை. ஆகவே கோடையை வீட்டுக்குள் முன்கூட்டியே தொடங்க வேண்டும். பெப்ரவரி இறுதியில், சூடாக்கிக்கு மேலுள்ள யன்னல் விளிம்பில் விதைக்க வேண்டும். இருபத்திரண்டு பாகைக்குக் குறைந்தால் விதை தூங்கும். தக்காளி விரைவாக வளரும். மார்ச் நடுவில் போட்டால் போதும். முந்தினால் வெளிச்சம் போதாமல் நூலாக இழுபடும். கறிவேப்பிலைச் சாடியைக் குளிர்காலம் முழுவதும் தண்ணீர் காட்டியும் காட்டாமலும் வைத்திருந்தீர்கள் என்றால், மார்ச்சில் துளிர் தெரிந்ததும் நுனியைக் கிள்ளி, கொஞ்சம் பெரிய சாடிக்கு மாற்றி, நீரைக் கூட்டலாம். வெளியே மட்டும் வைத்துவிட வேண்டாம்.

ஏனென்றால் மே 11 முதல் 15 வரை பனிப் புனிதர்கள் இருக்கிறார்கள். மமேர்ட்டுஸ், பங்க்ராட்டியுஸ், செர்வாட்டியுஸ், போனிஃபாட்டியுஸ், கடைசியாகக் குளிர் சோஃபி. சோஃபி போகும்வரை மென்மையான செடி எதையும் வெளியே நடாதே என்பது இந்த நாட்டின் பழைய விதி. சித்திரை வருடப் பிறப்பு அன்று வெயிலைக் கண்டு மயங்கி மிளகாய்க் கன்றை வெளியே நட்டு, ஒரே இரவில் கறுத்துப் போகக் கண்ட கதை எங்கள் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. ஊரில் இருந்து வந்தவர்கள் அந்த ஐந்து புனிதரையும் கற்றுக்கொள்ள எத்தனை கன்று செலவானதோ! எந்த மிளகாய் இனம் இங்கே செப்டெம்பருக்குள் பழுக்கும், எந்தக் கத்தரி பூவோடு நின்றுவிடும், முளைக்கீரையை எந்தக் கிழமையில் தூவினால் வரும், புடலங்காயைக் கண்ணாடிக் கொட்டிலுக்குள் எப்படித் தொங்கவிடலாம் என்பதெல்லாம், நாற்பது ஆண்டுகளாக எங்கள் பெரியவர்கள் ஒவ்வொரு பங்குனியிலும் செய்து பார்த்துச் சேர்த்த அறிவு. யாழ்ப்பாணத்து அறிவும் அல்ல, வெஸ்ட்ஃபாலியாவின் அறிவும் அல்ல. இந்த ஊரில் உருவான தமிழ் அறிவு அது.

மண் மறப்பதில்லை

தோட்டத்தைப் புகழ்ந்து மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும். 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபிலில் அணு உலை வெடித்தது. அந்த வசந்தத்தில் மேற்கு ஜேர்மனி முழுவதும் இலைக்கறிகளையும் புதுப் பாலையும் தவிர்க்கச் சொன்னார்கள், பிள்ளைகளை மணல் தொட்டியில் விளையாட விடவில்லை. கீரை கிடைக்காதா என்று ஏங்கியிருந்த எங்கள் அகதி இளைஞர்களுக்கு, முதல் வசந்தங்களில் ஒன்று கீரையைத் தொடாதே என்று சொன்ன வசந்தம்.

டோர்ட்மண்டுக்குச் சொந்தக் கணக்கும் உண்டு. டோர்ஸ்ட்ஃபெல்டின் தெற்கே பழைய நிலக்கரி எரிகூடம் நின்ற நிலத்தில் வீடுகள் கட்டி, மண் நஞ்சேறியது என்பது 1980களில் தெரியவந்தது. 2010இல் துறைமுகப் பகுதியில் பழைய மின்மாற்றிகளைப் பிரித்த நிறுவனம் ஒன்று மூடப்பட்டது. அங்கே வேலை செய்தவர்களின் இரத்தத்தில் பிசிபி என்ற நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டது. துறைமுகத்தை அண்டிய சிறுதோட்டங்களில் விளைந்த இலைக்கறிகளை உண்ண வேண்டாம் என்று அறிவுறுத்தினார்கள். நஞ்சை அளக்க அதிகாரிகள் பயன்படுத்திய கருவி, வெஸ்ட்ஃபாலியர் குளிர்காலத்தில் விரும்பி உண்ணும் கேல் கீரை. அதன் சுருண்ட இலை காற்றில் வருவதையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஊரிலும் இதே கதை. அளவுக்கு மீறிய உரத்தால் குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று ஏறியது. சுன்னாகத்தில் மின்நிலையச் சுற்றாடலின் கிணறுகளில் எண்ணெய் கலந்து, 2014, 2015இல் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். ஆகவே புதிதாகத் தோட்டம் எடுப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது விதையைப் பற்றியல்ல: அந்த நிலத்தில் முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள். சங்கத்திடமும் நகரச் சுற்றாடல் அலுவலகத்திடமும் கேட்கலாம். சந்தேகம் இருந்தால் மண்ணைப் பரிசோதிக்கலாம், உயர்த்திய பெட்டிப் பாத்தியில் புது மண் நிரப்பி நடலாம்.

மதிப்பீட்டுப் பட்டியல்

அண்ணைக்கு எழுபத்து நான்கு வயது. முழங்கால் விட்டுவிட்டது. இந்த வசந்தத்தோடு தோட்டத்தைத் திருப்பிக் கொடுக்கிறார். குத்தகை கைமாறும்போது சங்கத்தின் மதிப்பீட்டாளர்கள் வருவார்கள். குடிலுக்கு இவ்வளவு, நடைபாதைக் கல்லுக்கு இவ்வளவு, ஆப்பிள் மரத்துக்கு வயதுக்கேற்ப இவ்வளவு என்று பட்டியல் போடுவார்கள். புதிதாக வருபவர் அந்தத் தொகையைக் கொடுக்க வேண்டும். கொரோனாக் காலத்துக்குப் பிறகு இந்தத் தோட்டங்களுக்குக் காத்திருப்போர் வரிசை நீளம். எடுத்துக்கொள்ள ஆள் உண்டு. அண்ணையின் பிள்ளைகள் இருவரும் வேறு நகரங்களில் நல்ல வேலையில் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தகப்பன் அவர்களைப் படிப்பித்தது மண்வெட்டி பிடிப்பதற்காக அல்ல.

மதிப்பீட்டுப் பட்டியலில் ஆப்பிள் மரம் இருக்கிறது. பழைய கோப்பிப் போத்தல்களில் கடுதாசி சுற்றி, ஆண்டு எழுதி, குடிலின் தட்டில் அடுக்கி வைத்திருக்கும் மிளகாய் விதையும் கத்தரி விதையும் அதில் இல்லை. எந்த விதை எப்போது என்று அவர் சொல்லும் சொல்லும் இல்லை. கோயில்களின் வரலாறு கும்பாபிஷேக மலர்களில் அச்சாகிறது. பாத்தியின் வரலாற்றை யாரும் என் கையில் எழுத்தாகத் தந்ததில்லை.

கடந்த தை மாதத்திலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அண்ணையோடு இருந்து நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். தொழில் பழக்கத்தால் அட்டவணையாகத்தான் எழுத வருகிறது: பயிர், விதை வந்த இடம், விதைத்த கிழமை, வெளியே வைத்த நாள், பழுத்த நாள், பிழைத்ததா. இதுவரை நாற்பத்தியொரு வரிகள். சில இடங்களில் அவர் பயிரை விட்டுவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவார். அதற்கென்று ஒரு நிரல் கூடுதலாகச் சேர்த்திருக்கிறேன்.

இதை வாசிப்பவர்களிடம் தோட்டம் இல்லாமல் இருக்கலாம். யன்னல் விளிம்பு போதும். இந்த மாதம் விதைக்கும் மாதம். தெரிந்த பெரியவர் ஒருவரிடம் ஐந்து மிளகாய் விதை கேளுங்கள். கொடுக்கும்போது அவர் ஏதாவது சொல்வார். அதை எழுதிக்கொள்ளுங்கள்.